வேலிக்கு நட்ட முருங்கை

எங்கள் தெருவில் இந்த முருங்கை மரத்துக் கதையை இப்போது ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஆளை வரவழைத்து அளந்து நான் மரத்தை ஜெயித்தேன் என்று போன மாசம் ஒருத்தி சொன்னாளாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் ஜெயிக்கவில்லை. எழுத்துக் கூட்டி எழுதவே நாற்பது வயசுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். ஆனாலும் இதை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது. ஜெயித்தவள் பக்கத்து வீட்டுக்காரி. எப்படி ஜெயித்தாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மெதுவாகத்தான் சொல்வேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

காட்டுப்பாக்கத்தில் நாங்கள் மனை வாங்கியது எண்பத்து மூன்றோ நாலோ இருக்கும். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அவர் அப்பாவும் என் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். இரண்டு குடும்பத்திலும் சொந்தமாக மண் வாங்கிய முதல் ஆள் நாங்கள்தான். அதை எங்கே போனாலும் நான் சொல்வேன். இங்கேயும் சொல்லிவிட்டேன்.

நெல் விளைந்த நிலத்தைக் கல் நட்டு மனைகளாகப் பிரித்திருந்தார்கள். எங்களுடையது மூலை மனை. மேற்கே சந்து. கிழக்கே பக்கத்து மனை. அந்த மனைக்கு ஒரு மாசம் கழித்துக் குடி வந்தவள்தான் அவள். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள். ஒல்லியான உடம்பு. பேச்சு குறைவு. நான் நாலு வார்த்தை பேசினால் அவள் அரை வார்த்தை பேசுவாள். அப்போது அதை நான் திமிர் என்று நினைத்தேன்.

நடுவில் சுவர் எழுப்ப இரண்டு வீட்டுக்கும் வசதி இல்லை. வேலி போடுவோம் என்று முடிவானது. என் வீட்டுக்காரர் பருத்திப்பட்டுப் பக்கம் ஒரு தோப்பில் சொல்லி வைத்து மாட்டுவண்டி நிறையக் கம்பு கொண்டுவந்து இறக்கினார். கிளுவை, பூவரசு, முருங்கை எல்லாம் கலந்து கிடந்தன. அவள் வீட்டுக்காரர் குழி தோண்டினார். இவர் நட்டுக்கொண்டே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்துப் பொழுது சாய்வதற்குள் வேலி எழுந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் நான்தான் சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பு.

அந்தக் கம்புகளில் பாதி காய்ந்து அடுப்புக்குப் போனது. கிளுவை ஏதோ பேருக்குத் துளிர்த்தது. நடுவில் நட்ட முருங்கைக் கம்பு ஒன்று மட்டும் இரண்டே மழையில் நான் நான் என்று கிளம்பியது. நாலு வருஷத்தில் அது வேலிக்கம்பு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அடிமரம் என் இடுப்புத் தடிமன். காய் ஒவ்வொன்றும் ஒரு முழம் ஒன்றரை முழம். சதை பிடித்த காய். குழம்பில் போட்டால் கரையாது, கடித்தால் நார் தட்டாது.

மாசி பிறந்தால் எங்கள் தெருவில் யாரும் முருங்கைக்காய் வாங்க மாட்டார்கள். நான் துரட்டிக்கோலால் பறித்துக் கட்டுக் கட்டாக வீடு வீடாகக் கொடுப்பேன். வாங்குகிறவர்கள் ‘மூலை வீட்டம்மா காய்’ என்பார்கள். பிறந்ததிலிருந்து கை நீட்டி வாங்கியே பழகின குடும்பத்தில் வந்தவள் நான். கொடுக்கிற கையாக இருப்பதில் எவ்வளவு ருசி இருந்தது என்று இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த ருசிதான் என் கண்ணை மறைத்தது.

இதற்கிடையில் அவள் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தது. அவள் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வலது கை நசுங்கிவிட்டது. விரல் மடங்காது. வேலை போனது. அவள் ஒரு நாள்கூட ஒப்பாரி வைக்கவில்லை. பத்தாம் நாள் அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி அரிசிக் கூழ் கிண்டினாள். பச்சை மிளகாயும் சீரகமும் உப்பும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, வேட்டித் துணியில் வடகம் ஊற்றினாள். முதலில் பூந்தமல்லிக் கடைகளுக்குக் கொடுத்தாள். பிறகு வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வாரம் இரண்டு டின் பேசி முடித்தாள். மெஸ் சமையல்காரர் சனிக்கிழமை சைக்கிளில் வந்து வாங்கிப் போவார். அந்த இரண்டு டின்னில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

வடகத்துக்கு வெயில் வேண்டும். மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் நாள் முழுக்க வெயில் விழுந்தால் இரண்டு நாளில் கலகலவென்று காயும். விழாவிட்டால் மூன்றாம் நாள் புளித்த வாடை அடிக்கும். எண்ணெயில் போட்டால் பொரியாமல் அடியில் போய் உட்காரும்.

என் முருங்கை அவள் முற்றத்துக்கு மேற்கே நின்றது. பன்னிரண்டு மணி தாண்டினால் நிழல் அவள் முற்றத்தில் இறங்கும். இரண்டு மணிக்கு முற்றம் முழுக்க அதுதான். போதாததற்குப் பூ உதிரும். ஈர வடகத்தின்மேல் பொரி தெளித்ததுபோல் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். அவள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பூவாக நகத்தால் கிள்ளி எடுப்பாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டே பார்ப்பேன். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

ஒரு பங்குனியில் வேலியோரம் வந்து கேட்டாள்.

“யக்கா, உன் மரம் எங்கூட்டுப் பக்கம் ரொம்ப சாஞ்சிகினு கீது. மத்தியானம் ஆனா வெயிலே இல்ல. இந்தப் பக்கத்துக் கெளைய மட்டும் கழிச்சிக்கவா?”

‘உன் மரம்’ என்று அவள் வாயால் சொன்னது எனக்கு இனித்தது. மற்றது காதில் ஏறவில்லை.

“இன்னாமே பேசற நீ? பூவும் பிஞ்சுமா நிக்குது. புள்ளத்தாச்சி மாதிரி கீற மரத்து மேல கத்தி வெப்பியா?”

“அப்ப எப்பதான் வெட்றது?”

“காய் முடியட்டும்.”

“காய் முடியறப்ப வெயிலும் முடிஞ்சிடும்க்கா.”

அவள் சொன்னது நிஜம். பூ எடுத்த மரத்தை வெட்டக் கூடாது என்று நான் சொன்னதும் நிஜம்தான். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. காய் முடிந்து ஆடி பிறந்தபோது அவள் மறுபடி வந்து நின்றாள். “இப்ப காத்து அடிக்குது, வெட்றப்ப கொம்பு ஒடைஞ்சி என் கூரை ஷீட்டு மேல வுழுந்தா?” என்றேன். ஐப்பசியில் கேட்டாள். “மழைக்காலத்துல கீரைக்கு எங்க போறது?” என்றேன். மரத்தின்மேல் யாரும் கை வைக்க நான் விடப்போவதில்லை. காரணத்தை மட்டும் மாசத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்தினாள். நான் கொடுத்தனுப்பும் காயை வாங்குவதையும் நிறுத்தினாள்.

அடுத்த மாசி. சனிக்கிழமை. மெஸ் சமையல்காரர் அவள் வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு டின்னை இறக்கி வைத்தார். போன வாரம் வாங்கிப் போனது. திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

“வாடை அடிக்குதும்மா. எண்ணெய்ல போட்டா மூழ்கிப் போவுது. பசங்க தட்ட வீசறாங்க. இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சின்னா நான் வேற எடம் பாத்துப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் டின்னைத் திறந்து ஒரு வடகத்தை எடுத்து ஒடித்தாள். ஒடியவில்லை, வளைந்தது. அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வந்தாள். நான் காய் பறித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“யக்கா, தெருவுக்கே காய் குடுக்கறேன், புண்ணியம்னு நெனச்சிகினு கீற. எங்கூட்டு வெயில புடுங்கித்தான் நீ குடுக்கற.”

அவள் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் எனக்குக் குரல் ஏறிவிடும்.

“வெயில் இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தா?”

“மரம் இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தா?”

“எங்கூட்டுக்காரரு வண்டில போட்டுகினு வந்த கம்புடி அது!”

“கம்பு உன்னுதுன்னா குழி என்னுது. எங்கூட்டுக்காரரு தோண்டுன குழி. கம்ப எடுத்துகினு குழிய குடுத்துட்டுப் போ.”

தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பழைய ஊர்க்காரர். அந்த நிலத்தில் ஒரு காலத்தில் உழுதவர். அவருக்குப் பிறர் சண்டை என்றால் பலகாரம்.

“கம்பு மூலை ஊட்டுக்கு, குழி பக்கத்து ஊட்டுக்கு. அப்ப வேர் யாருக்கு? எனக்கா?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் காயை வாங்கித் தின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

“சிரிக்காதீங்க! அளந்து பாத்துடலாம். கல்லு கீது, பத்திரம் கீது. மரம் எம் மனைல கீதா அவ மனைல கீதான்னு அளக்கறவரு சொல்லட்டும். என்னுதுன்னு ஆச்சின்னா ஜென்மத்துக்கும் ஒருத்தியும் அது மேல கை வெக்கக் கூடாது!”

“அவுங்களுதுன்னு ஆச்சின்னா?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“அவ இஷ்டம். வேரோட சாச்சிக்கட்டும்!”

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டார்.

“அளக்கறது எல்லாம் வேணாம்மே” என்றார்.

“இன்னா வேணாம்? பயமா உனக்கு?”

“பயம் இல்ல. அந்த வேலி போட்டப்ப...”

“நீ சும்மா இரு. உன்னால முடியலன்னா நானே போய் ஆள இட்டுகினு வரேன்.”

அவரைப் பேச விடவில்லை. விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மனை பிரித்தபோது கூட இருந்த ஓர் அளவுக்காரர் பூந்தமல்லியில் இருந்தார். நானே பஸ் ஏறிப் போய் அழைத்துவந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நூல்கண்டும் கடப்பாரையுமாக வந்தார். கூட ஓர் உதவியாள். நான் கோலி சோடா வாங்கி வைத்திருந்தேன். தெருவே வந்து நின்றது. அவள் வாசலுக்கு வரவில்லை. உள்ளே கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள்.

முன்பக்கத்துக் கல் சுலபமாகக் கிடைத்தது. பின்பக்கத்துக் கல்லைக் காணோம். குப்பை சேர்ந்து மண் மூடியிருந்தது. கடப்பாரையால் நாலு இடத்தில் தட்டி, ஐந்தாவது இடத்தில் ணங்கென்று சத்தம் வந்தது. கல்லுக்குக் கல் நூல் கட்டினார்கள். முன்னால் வேலியும் நூலும் ஒன்றாகத்தான் போயின. நடுவில் வந்ததும் நூல் நேராகப் போனது. வேலி கிழக்கே, அவள் பக்கமாக வளைந்து போனது.

நூல் என் துவைக்கிற கல்லின் நடு முதுகில் ஓடியது. மரம் நூலுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி நின்றது.

அளவுக்காரர் சோடாவைக் குடித்துவிட்டு, “மரம் முழுக்க அவங்க மனைம்மா. துவைக்கிற கல்லும் பாதி அவங்களுதுதான்” என்றார்.

திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

“எப்டி வேலி வளைஞ்சிது?”

“அதத்தான் சொல்ல வந்தேன், நீ எங்க வுட்ட? அங்க புத்து இருந்துச்சி, மறந்துட்டியா? சரியா எல்லை மேல. நீதானம்மே சொன்ன, ‘புத்த இடிக்காத, பாவம், சுத்திப் போடு’ன்னு.”

மறந்துதான் போயிருந்தேன். அவர் சொன்னதும் எல்லாம் ஞாபகம் வந்தது. வேலி போட்ட அன்று அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பாம்புப் புற்று. ஆண்கள் மண்வெட்டியைத் தூக்கியபோது தடுத்தது நான். மஞ்சள் தெளித்து, ஒரு டம்ளர் பால் ஊற்றி, கையெடுத்துக் கும்பிட்டு, வேலியை வளைத்துப் போடுங்கள் என்று சொன்னதும் நான். எந்தப் பக்கம் வளைப்பது என்று யாரும் கேட்கவில்லை. நான் கை காட்டிய பக்கம் வளைத்தார்கள். அது அவள் பக்கம். அடுத்த இரண்டு மழையில் புற்று கரைந்து தரையாகிவிட்டது. வளைந்த வேலி வளைந்தபடி நின்றுவிட்டது. சாமிக்கு என்று சொல்லி ஒரு முழம் விட்டுக்கொடுத்தவள் நான் என்று நினைத்திருந்தேன். விட்டது அவள் மண்.

“இன்னும் இன்னா யோசனை? மூலை ஊட்டம்மாவே சொல்லிட்டாங்க, வேரோட சாச்சிக்கலாம்னு” என்றார் எதிர்வீட்டுக்காரர். “தங்கச்சி, எடுத்துகினு வாம்மா கொடுவாள!”

அவள் வெளியே வந்தாள். கையில் நிஜமாகவே கொடுவாள் இருந்தது. மரம் அன்று எப்படி நின்றது தெரியுமா? இலை தெரியாமல் பூ. பூவுக்கு நடுவே விரல் நீளத்தில் பிஞ்சு. அவள் அடிமரத்தில் இடது கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

“பிஞ்சு நெறைய கீது” என்றாள். “ஆடியில பாத்துக்கலாம்.”

“இன்னாம்மா இது! உன் மரம், உன் கத்தி...” என்று ஆரம்பித்தார் எதிர்வீட்டுக்காரர்.

“உன் வாய்க்கு ஒரு கட்டு கீரை ஒடிச்சித் தரட்டா அண்ணாத்தே? மென்னுகினு வூட்டுக்குப் போ” என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து, “கல்லு அங்கயே இருக்கட்டும்க்கா, நீ தொவைச்சிக்க” என்று சொல்லிவிட்டு, “ஐயோ, அடி புடிக்குது” என்று அடுப்புக்கு ஓடினாள்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அன்று மாலையே நானும் என் வீட்டுக்காரரும் கடப்பாரை போட்டு அந்தத் துவைக்கிற கல்லை நெம்பிச் சந்துப் பக்கம் உருட்டிக்கொண்டு போனோம். அவள் கொடுத்தாள் என்பதற்காக நான் வைத்துக்கொள்வேனா? எனக்கும் ரோஷம் உண்டு. கல் உருண்டு என் கால் கட்டைவிரல் நகம் போனது. போனால் போகட்டும்.

ஆனால் அந்தக் கோடை முழுக்க மரம் நின்றது. நிழலும் நின்றது. மெஸ்காரர் இன்னொரு தடவை பொறுக்க மாட்டார். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் எங்கிருந்தோ நாலு கயிற்றுக் கட்டில் கேட்டு வாங்கிவந்தாள். வடகத் துணியைத் தரையில் விரிக்காமல் கட்டில்மேல் விரித்தாள். காலையில் கட்டில்கள் முற்றத்தில் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு நிழல் இறங்க இறங்க, ஒவ்வொரு கட்டிலாக வாசல் பக்கம் நகரும். இரண்டு மணிக்கு நாலும் தெருவுக்கு வந்துவிடும். சைக்கிளில் போகிறவர்கள் மணி அடித்து ஒதுங்கிப் போவார்கள். ஒரு முனையை அவள் தூக்குவாள். மறுமுனையை அவள் வீட்டுக்காரர் நல்ல கையால் ஒரு பக்கம் தூக்கி, முழங்கையால் மறுபக்கம் முட்டுக்கொடுப்பார். பாதி வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள்.

மரம் அவளுடையது. வெட்ட உரிமை இருக்கிறது. ஊர் அறிய நான் கொடுத்த வாக்கு இருக்கிறது. கொடுவாள் வீட்டில் இருக்கிறது. இத்தனையும் இருந்தும் தினமும் நாலு கட்டில் தூக்கினாள். எட்டு நாள் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் போய் அவள் வீட்டுக்காரரை நகரச் சொல்லிவிட்டுக் கட்டிலின் மறுமுனையைப் பிடித்தேன். அவள்தான் பேசினாள்.

“தூக்கறதுன்னா நேரா தூக்குக்கா. வடகம் சரியுது பார்.”

“நேராத்தான் தூக்கறேன். நீ குள்ளம், அதான் சரியுது.”

“நான் குள்ளமா? நீ ஒட்டகம்.”

அதிலிருந்து தினமும் போனேன். இருந்தும் அந்த வருஷம் அவளுக்கு நஷ்டம்தான். தெருப் புழுதி விழாமல் மேலே மெல்லிய துணி போட்டுக் காயவைத்ததால் நேரம் பிடித்தது. வாரம் ஒரு டின்தான் சரியாகக் காய்ந்து வந்தது. இன்னொரு டின்னை மெஸ்காரர் வேறு ஒருத்தியிடம் வாங்க ஆரம்பித்தார். அதற்கும் அவள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

ஒரு நாள் கட்டிலை இறக்கி வைத்துவிட்டு நானே கேட்டேன்.

“ஏம்மே, வேலி வளைஞ்சது உனக்கு மொதல்லயே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் உன் மரம், உன் மரம்னு சொல்லிகினு இருந்த?”

“சாமிக்குன்னு சொல்லி வளைச்சோம். நானும் கும்பிட்டேன் இல்ல? குடுத்துட்டு, புத்து கரைஞ்சிடுச்சின்னு திருப்பிக் கேக்கறதா?”

“சரி, அளந்து உன்னுதுன்னு ஆச்சி. அன்னிக்கே வெட்டிருக்கலாமே?”

“பூ எடுத்த மரத்த வெட்டக் கூடாதுன்னு நீ சொன்ன இல்ல? அது சரிதானே. மத்ததெல்லாம்தான் நீ தப்பா சொன்ன.”

நான் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், பார்த்திருக்கிறேன். எதிராளி ஒரு தப்புச் சொன்னால் அவர் சொன்ன அத்தனையும் தப்பு என்று தள்ளிவிடுவதுதான் எல்லாருக்கும் வழக்கம். எனக்கும் அதுதான் வழக்கம். நான் கத்தின கத்தலுக்குள்ளிருந்து சரியான ஒரு சொல்லை மட்டும் கல்லுக்கு நடுவே அரிசி பொறுக்குவதுபோல் பொறுக்கி எடுத்து, அதற்கு மரியாதை கொடுத்து, ஒரு கோடை வெயிலை இழந்தவள் அவள். அப்படி ஓர் ஆளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னாலும் பார்க்கவில்லை.

ஆடி வந்தது. காய் முடிந்தது. மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் ஏணி போட்டாள். முருங்கையில் ஏற முடியாது. கிளை சொல்லாமல் முறியும். அவள் வெட்டின அழகைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கொம்பையும் முதலில் கயிற்றால் கட்டி, கயிற்றை என் கையில் கொடுத்தாள், என் ஷீட்டின்மேல் விழாமல் இழுத்துப் பிடிக்க. கொம்பின் அடிப்பக்கத்தில் முதல் வெட்டு, பட்டை கிழியாமல் இருக்க. பிறகு மேலிருந்து சாய்வாக ஒரே வெட்டு, மழைத் தண்ணீர் நிற்காமல் வழிய. எல்லாக் கொம்பையும் ஆள் உயரத்துக்கு இறக்கினாள். வெட்டின வாய் ஒவ்வொன்றிலும் பச்சைச் சாணியை உருட்டி வைத்துப் பழந்துணியால் கட்டினாள். மரம் தலைக்கு முண்டாசு கட்டினதுபோல் நின்றது. வேரோடு சாய்த்துக்கொள் என்று நான் சொன்ன மரத்தைப் பிள்ளைக்கு மருந்து போடுகிறமாதிரி பார்த்துப் பார்த்துக் கட்டினாள்.

கீழே கிடந்த கொம்புகளில் நேராக, தடியாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு என் மனைக்குள் வந்தாள். கேட்கவில்லை, கொள்ளவில்லை. மேற்கே சந்து ஓரமாகப் போய், “குழி தோண்டு” என்றாள்.

“நானா?”

“இந்த தடவை கம்பு என்னுது, குழி உன்னுது.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோண்டினேன். அவள் நட்டாள். அடியை மிதித்து இறுக்கிவிட்டு வெயிலைப் பார்த்தாள், என் வீட்டைப் பார்த்தாள்.

“மத்தியான நெழல் உன் ஊட்டு மேலயே வுழும். சில்லுனு படுத்துக்க. காய் வந்தா தெருவுக்குக் குடு, நானும் வாங்கிக்கிறேன்” என்றாள்.

பழைய வேலியைப் பிடுங்கி நூல் பிடித்து நேராகப் போட்டோம். இந்த முறை நான் கை காட்டவில்லை. அவள் சொன்ன இடத்தில் என் வீட்டுக்காரர் நட்டார்.

அடுத்த மாசியில் அவள் முற்றம் காலை ஏழு மணியிலிருந்து மாலை நாலரை வரைக்கும் தகதகவென்று கிடந்தது. அவள் மரம் முண்டாசுக்குக் கீழே கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, கைக்கு எட்டுகிற உயரத்தில் குடைபோல நின்றது. நிழல் அதன் காலடியிலேயே சுருண்டுகொண்டது. நான் வடகம் ஊற்றித் தருகிறேன் என்று போனேன். நாலு வடகம் ஊற்றினதும் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். “ஒண்ணு தோசை மாதிரி கீது, ஒண்ணு பொட்டு மாதிரி கீது. நீ துணிய மட்டும் திருப்பிப் போடு” என்றாள். சரி என்று அதைச் செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை மெஸ் சமையல்காரர் வந்தார். பழைய சந்தேகம் அவருக்கு. அவள் அடுப்பிலேயே எண்ணெய் காயவைக்கச் சொன்னார். டின்னின் அடியில் கை விட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். சட்டியில் விழுந்த மாத்திரத்தில் வெள்ளையாக விரிந்து மேலே வந்து நின்றது. இன்னொன்று போட்டார். அதுவும் அப்படித்தான். கையில் எடுத்து நொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு டின்னும் எடுத்துக்கறேன். அந்தம்மாகிட்ட வாங்கறத நிறுத்திடறேன். அடுத்த வாரத்துலேர்ந்து மூணா குடுத்துடும்மா.”

“மூணு ஆகாதுங்க. ரெண்டுதான்” என்றாள் அவள்.

நான் பக்கத்தில் நின்றவள் சும்மா இருப்பேனா? அவள் கையைக் கிள்ளினேன். “எடுத்துக்கயேன்மே! வர்றத ஏன் வேணாங்கற? நான் கூட இருந்து செய்யறேன்.”

அவள் திரும்பி முற்றத்தை ஒரு தரம் பார்த்தாள். துணி விரித்த இடம், மரத்தடியில் நிழல் விழுந்த இடம் எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்தாள்.

“வெயில் ரெண்டு டின்னுக்குத்தான்க்கா கீது” என்றாள்.